வேன் பிடித்து ஊர் சுற்றக் கிளம்பும் பட்டாசு ஆபீஸ் சொந்தங்களுக்கு

சிவகாசி, திருத்தங்கல், வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துப் பட்டாசு ஆபீஸ்களிலும் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் வேலை பார்க்கும் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே,

தீபாவளி முடிந்து ஆபீஸ் பூட்டியதும் வேன் பிடித்து ஊர் சுற்றுவது நம் தெருக்களில் பழகிப்போன ஒன்று. வாரம் இவ்வளவு என்று டூர் சீட்டு கட்டி, போனஸில் கொஞ்சம் ஒதுக்கி வைத்து, புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டு கிளம்புகிறோம். ஒரு வருஷம் கிழக்கே திருச்செந்தூர். மறு வருஷம் மேற்கே குற்றாலம், ஆரியங்காவு, கொல்லம். இந்த மடலும் அப்படி ஒரு பயணத்தில்தான் தொடங்கியது.

கொல்லமும் ஆலப்புழையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். புளியரை வளைவுகளில் இறங்கி, தென்காசி, புளியங்குடி, ராஜபாளையம் எல்லாம் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் சிவகாசி ரோட்டுக்குத் திரும்பியது வேன். இரண்டு பக்கமும் கரிசல், சீமைக் கருவேலம், இடையிடையே பட்டாசுக் கடை போர்டுகள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கை ஒருத்தி, சரம் பின்னுகிறவள், "அவங்களுக்குச் சாமி தோப்பும் தண்ணியுமா அள்ளிக் கொடுத்திருக்கு. நமக்குப் பொட்டலைக் கொடுத்திருக்கு. அவங்கதான் கொடுத்து வச்சவங்க" என்றாள். வேனில் யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. அன்று அவளிடம் சொல்லாமல் விட்டதை இப்போது உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். அவள் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டியதும் வெளிச்சமே மாறிவிடுகிறது. ரப்பரும் பலாவும் மிளகுக்கொடி ஏறிய மரங்களுமாக ரோடு நிழலுக்குள் போய்விடுகிறது. புனலூர் தாண்டினால் ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. நமக்கு வீட்டுச் சுவரோடு வீட்டுச் சுவர் ஒட்டிய தெரு, தெரு முடிந்தால் காடு. அங்கே ஒவ்வொரு வீடும் தன் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. வீட்டுக்கு வீடு கிணறு. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து வளர்ந்த நமக்கு, கடலைவிட அந்தக் கிணறுதான் அதிசயம். வேனில் வந்த பெண்கள் படகு வீட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ரோட்டோர வீட்டுக் கிணறு ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் பேசினார்கள்.

கூரையையும் பார்த்திருப்பீர்கள். அவர்களுடையது மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று சரித்துப் போட்ட ஓட்டுக் கூரை. நம்முடையது மொட்டை மாடி. மிளகாய் காயும், வடகம் காயும், கோடையில் மனிதரும் அங்கேதான் படுப்பார்கள். தொழிலும் அப்படியே பிரிகிறது. ஆலப்புழைப் பக்கம் தேங்காய் மட்டையைக் காயல் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, அது அழுகிய பிறகு தட்டி நார் எடுத்துக் கயிறு திரித்தார்கள். ஈரம் பட்டால் சரக்கு போயிற்று என்று பதறுகிற கைகள் நம்முடையவை. அவர்களுக்கு ஈரம்தான் முதலீடு.

குட்டநாட்டில் வேனை நிறுத்தச் சொன்னேன். அங்கே வயல் கடல் மட்டத்தைவிடத் தாழ்வாகக் கிடக்கிறது. கரையில் நின்றால் ஒரு கைப்பக்கம் தண்ணீர் மேலே, மறு கைப்பக்கம் நெல் கீழே. மண் கரை எழுப்பி, உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு நடுகிறார்கள். கோடை வந்தால் கடலின் உப்பு காயலுக்குள் ஏறி வந்து பயிரைக் கருக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் தண்ணீர்முக்கத்தில் வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். உப்பு உள்ளே வரக் கூடாது என்று மதகு இறக்கும் கரை அது.

அதே உப்பை வா என்று வயலுக்குள் அழைக்கும் கரை ஒன்று நமக்குக் கிழக்கே இருக்கிறது. சிவகாசியிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கொல்லம் போகும் தூரத்தில் பாதிதான். ஆனாலும் நாம் அந்தக் கரையை நின்று பார்த்ததில்லை. திருச்செந்தூர் போனோம், கடலில் குளித்தோம், நாழிக்கிணற்றில் குளித்தோம், சாமி கும்பிட்டோம், தூங்கிக்கொண்டே வீடு திரும்பினோம். வழியில் வெள்ளை வெளேர் என்று விரிந்து கிடந்த உப்பளங்களை யாரும் ஜன்னலைத் திறந்து பார்க்கவில்லை.

வைப்பாறு, வேம்பார், தருவைகுளம் பக்கம் ஒரு முறை உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது நான் விடிகாலையில் உப்பளத்துக்குள் நடந்து போனேன். தென்னை இல்லை, பனை. நிழல் என்று சொல்ல அந்தப் பனையின் ஒற்றைக் கோடுதான். கடல் தண்ணீரையோ உவர்க் கிணற்றுத் தண்ணீரையோ ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றி நிறுத்துகிறார்கள். வெயில் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க உப்பு அடியில் பூக்கிறது. பலகையால் அதை வரப்போரம் வாரிக் குவிக்கிறார்கள். அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏழு மணிக்கெல்லாம் கண் கூசத் தொடங்கிவிட்டது. அந்த அக்காமார்களின் பாதங்களைப் பார்த்தேன். பட்டாசு மருந்து அறையில் இருபது வருஷம் இருந்தவர்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அப்படி இருந்தன.

நாட்டில் உப்பு விளைவதில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியினுடையது. கேரளத்துக்கும் அந்த உப்பு போகிறது. கொல்லத்தில் நாம் ருசித்துச் சாப்பிட்ட மத்தி மீன் குழம்பிலும் அந்தப் பாதங்களின் உழைப்பு கரைந்திருக்கலாம். கிழக்குக் கடலும் வேறு மாதிரியானது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் இருக்கின்றன. பெரும்பாலான நாட்களில் அலை சிறுத்துக் கிடக்கும். முத்தும் சங்கும் குளித்த கடல் அது. மேற்கே அரபிக்கடல் ஜூன் மாதத்தில் கரையோர வீடுகளின் வாசலைத் தட்டும்.

ஒரே நாட்டின் இரண்டு கரைகள், அதுவும் நம் வேன் ஒரு நாளில் ஓடி முடிக்கும் அகலத்துக்குள், இப்படி எதிரும் புதிருமாக இருப்பதற்குக் காரணம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே நாம் தினம் பார்க்கிற மலை. ஜூனில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து சுமையை அங்கேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. நமக்குக் கிடைப்பது ஆடிக் காற்றும் புழுதியும். செங்கோட்டைக் கணவாயில் கொஞ்சம் சாரல் தப்பி வருவதால் குற்றாலத்துக்குச் சீசன். கேரளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. நம் மாவட்டத்தில் 800-ஐ ஒட்டி. அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருவது. கிழக்குக் கரையை வறண்ட கரை என்று எண்ணிவிடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நமக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அது அதிகம்.

ஆக, தென்னந்தோப்பையும் பொட்டலையும் பிரித்துக் கொடுத்தது காற்றும் மலையும்தான். இதில் அவர்கள் செய்த புண்ணியமும் இல்லை, நாம் செய்த பாவமும் இல்லை. இந்த வறட்சிதான் நம் பிழைப்பும். மானம் பார்த்த பூமியில் விவசாயம் கைவிட்டபோது சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு, அடுத்த வருஷம் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பட்டாசு கிளைத்தது. குச்சி காய, கம்பி மத்தாப்பு காய, திரி காய வெயில் இங்கே வருஷத்தில் பெரும்பகுதி கிடைத்தது. வேலைக்கு ஆளும் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். இந்த இரண்டாவது காரணத்தை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஆனால் இரண்டும் ஒரே வறட்சியின் பிள்ளைகள். உப்பளத்து மக்களும் நாமும் ஒரே வெயிலை நம்பிப் பிழைக்கிறவர்கள். மேகம் திரண்டால் அவர்கள் பாத்தியைப் பார்த்து ஓடுகிறார்கள், நாம் உலர்த்தும் மேடையைப் பார்த்து ஓடுகிறோம்.

இப்போது தங்கை சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத பாதிக்கு வருகிறேன்.

அந்தக் கிணறு. அது சாமி கொடுத்தது என்றல்லவா நினைத்தோம்? தண்ணீரைக் காற்று கொடுத்தது, சரி. கிணறு நிற்கிற மண் யாருடையது? ஆலப்புழையிலும் குட்டநாட்டிலும் கூலி வேலை செய்தவர்கள் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு, போ என்றால் போக வேண்டிய நிலையில் இருந்தார்கள். கேரளத்தின் நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1-இல் முழு வேகத்தோடு நடைமுறைக்கு வந்தபோது, கிராமத்தில் குடிசையிருக்கும் இடத்தோடு சேர்த்து 10 சென்ட் வரைக்கும் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாகும் உரிமை கிடைத்தது. பத்து சென்டில் நாலு தென்னை வைக்கலாம், ஒரு கிணறு வெட்டலாம், ஆடு கட்டலாம். வேன் ஜன்னலில் நாம் பார்த்து ஏங்கிய சின்னச் சின்ன வீடுகளில் எத்தனையோ, அந்தச் சட்டம் வந்த பிறகு கூலிக்காரர் குடும்பங்கள் தமக்கென்று வேலி கட்டிய வீடுகளாக இருக்கும். அந்தச் சட்டமும் சும்மா வந்துவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கேட்டு, சிறைக்குப் போய், உயிரும் கொடுத்து வாங்கியது.

ஒரு வருஷக் கணக்கைப் பாருங்கள். நம் ஊரிலிருந்து இருவர் கல்கத்தாவுக்குப் போன அதே 1922-இல், ஆலப்புழையில் வாடப்புறம் பி.கே. பாவா என்ற கயிற்றுத் தொழிலாளி முன்னின்று திருவிதாங்கூர் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே சங்கம் பிறந்த வருஷத்தில் இங்கே முதலாளித் தொழில் கருக்கொண்டது. கிழக்குக் கரை இன்னும் முந்தியது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908-இல், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க, வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றார்கள். இரண்டு கரையிலும் உழைக்கிறவர்கள் வாய் திறந்து கேட்டிருக்கிறார்கள். நடுவில் இருக்கிற நாம்தான் ரொம்பத் தாமதம்.

என்னால் இதை வெளியாள் மாதிரி சொல்ல முடியாது. 1983-இல் எனக்குப் பத்து வயது. விடியுமுன் தெருமுனைக்கு வரும் ஆபீஸ் பஸ்ஸில் அம்மாவோடு நானும் ஏறிப்போய்க் குச்சி அடுக்கியிருக்கிறேன். மேலாளர் ஒருவர் என் விரல் சின்னதாக இருப்பதால் வேலை சுத்தமாக இருக்கிறது என்று அம்மாவிடம் பாராட்டிச் சொன்னார். அம்மா அன்று சந்தோஷப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போடுகிறார்கள் என்பதற்காகத்தான் அடுத்த வருஷம் என்னை அங்கே அனுப்பினாள். அந்தச் சோறு என்னைக் காப்பாற்றியது. இன்று ஊர்ப்புற நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என்னோடு குச்சி அடுக்கிய பலர் அங்கேயே வளர்ந்து, அங்கேயே கண் மங்கிப்போனார்கள். 1996-இல்தான் உச்ச நீதிமன்றம், வேலையில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1991-இல், கேரளம் தன்னை முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்துவிட்டது. 2011 கணக்கெடுப்பில் கேரளத்தில் 94 விழுக்காடு, தூத்துக்குடி மாவட்டத்தில் 86, நம் விருதுநகர் மாவட்டத்தில் 80. காமராஜர் பிறந்த மாவட்டத்தின் கணக்கு இது. மழைக் குறைவுக்கு மலையைச் சொல்லலாம். இந்த எண்ணுக்கு எந்த மலையைச் சொல்வது?

அதனால்தான் சொல்கிறேன், பொறாமைப்படுவதென்றால் சரியான பொருளைப் பார்த்துப் பொறாமைப்படுங்கள். தென்னையை விடுங்கள். கேரளத்தில் கிராமத்துக் கூலி நாட்டிலேயே மேலான இடத்தில் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று கேளுங்கள். கொல்லத்து முந்திரிக் கொட்டைத் தொழிற்சாலைகளில் நம்மைப் போலவே பெண்கள்தான் அதிகம். அவர்களிடம் சங்கச் சந்தா ரசீது இருக்கிறதா, நம் பையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அவர்கள் சுகமாகவே இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. படித்த பிள்ளைகள் ஊரில் வேலையில்லாமல் வளைகுடா நாடுகளுக்குப் பறக்கிற வீடுகள் அவை. முந்திரித் தொழிற்சாலைகள் பல பூட்டிக் கிடக்கின்றன. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து குட்டநாடு முழுகியது. கொல்லத்து மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துதான் உள்நாட்டு மக்களைக் கரையேற்றினார்கள். 2017 ஒக்கிப் புயலில் போனவர்களுக்காகக் கன்னியாகுமரிக் கரையும் திருவனந்தபுரத்துக் கரையும் சேர்ந்து அழுதன. நம் தொழிலின் நெருப்பும் மலை தாண்டிப் போயிருக்கிறது. 2012 செப்டம்பர் 5-இல் நம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆபீஸ் வெடித்து ஏறத்தாழ நாற்பது பேரைப் பறிகொடுத்தோம். 2016 ஏப்ரல் 10 விடிகாலையில் கொல்லத்துக்குத் தெற்கே, கடலோரப் பரவூர் புற்றிங்கல் கோயிலில் வாணவேடிக்கைக் கிடங்கு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேன் அந்த ஊர்ப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள். வெடிச்சாவு வீட்டின் துக்கம் நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

நம் ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்கிறீர்களே, அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். சிவகாசிக்குப் பக்கத்திலேயே, வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில் 2022-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. மண்ணுக்குள்ளிருந்து ஏராளமான சங்கு வளையல்கள் வந்தன. சங்கு அறுத்து வளையல் செய்கிற தொழில் அங்கே நடந்திருக்கிறது. கரிசல் காட்டுக்கு நடுவில் சங்கு எப்படி வந்தது? கிழக்குக் கடலிலிருந்து வந்தது. வைப்பாறு நம் மலையில் பிறந்து, சாத்தூர் வழியாக ஓடி, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியைச் சேர்த்துக்கொண்டு, மன்னார் வளைகுடாவில் போய்ச் சேர்கிறது. இன்றைக்குப் பட்டாசு செய்யும் அதே மண்ணில் ஒரு காலத்துத் தொழிலாளிகள் கடல் பொருளை வைத்துக் கைவேலை செய்திருக்கிறார்கள். 1985 மார்ச்சில் தனி மாவட்டமாகப் பிரியும் வரை நாமும் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள், கடல் உள்ள மாவட்டத்துக்காரர்கள்தான்.

விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா என்ற பள்ளி 1889-இல் எழும்பியது. ஒவ்வொரு வீட்டிலும் சோறு வடிக்குமுன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதை விற்று நடத்திய பள்ளி. காமராஜர் அங்கே படித்தார். ஒரு பிடி அரிசியில் பள்ளிக்கூடம் கட்டத் தெரிந்த ஊர்க்காரர்கள் நாம். பொட்டல் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேனில் அதைப் பற்றிச் சண்டையே வந்தது. பம்பா, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 634 மில்லியன் கன மீட்டர் தண்ணீரை மலையைக் குடைந்து நம் வைப்பாற்றுக்குக் கொண்டுவரும் திட்டம் காகிதத்தில் இருக்கிறது. கேரளம் ஒப்புக்கொள்ளவில்லை. மழை கொட்டுகிற ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று நானும் பல வருஷம் கோபப்பட்டிருக்கிறேன். குட்டநாட்டுக் கரையில் நின்ற பிறகு அந்தக் கோபம் பாதியாகிவிட்டது. அந்த ஆறுகள் இரண்டும் கொண்டுவரும் நல்ல தண்ணீரும் சேர்ந்து தள்ளுவதால்தான் கடலின் உப்பு அங்கே பின்வாங்குகிறது. நம் தாகமும் உண்மை, அவர்கள் பயமும் உண்மை. மேற்கிலிருந்து வரப்போகும் தண்ணீருக்காகக் காத்திருந்து, நம் கண்மாய்களையும் வரத்துக்கால்களையும் கருவேலத்துக்குக் கொடுத்துவிட்டதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது.

கடைசியாக, பூட்டிக் கிடக்கும் நாட்களைப் பற்றி. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கிழக்குக் கரையில் மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கேரளக் கரையில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை. அங்கே திறந்திருக்கும்போது இங்கே பூட்டு, இங்கே திறந்ததும் அங்கே பூட்டு. தமிழ்நாட்டு மீனவர் குடும்பங்களுக்கு அந்தத் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் மழை மாதங்களில் வேலையின்றி இருப்பதற்காக, அவர்கள் கேட்டுக் கேட்டு, 2022 முதல் 5,000 ரூபாய் நிவாரணம் வருகிறது. நமக்கும் பூட்டு உண்டு. தீபாவளி முடிந்து வாரக்கணக்கில் பூட்டு. பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2018 அக்டோபர் தீர்ப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் பூட்டு. ஆபத்து, ஆய்வு, உரிமம் ரத்து என்று நடுநடுவே பூட்டு. அந்த நாட்களில் அடுப்பு எரிய முதலாளியிடம் முன்பணம் வாங்குகிறோம். அந்த முன்பணம் அடுத்த வருஷம் முழுக்க நம் வாயைக் கட்டிப் போடுகிறது. கூலி குறைவு என்று சொல்ல முடியாது, அறையில் ஆள் அதிகம் என்று சொல்ல முடியாது. உப்பளத்துக்காரர்களுக்குக் கிடைத்தது போல் வேலையில்லா வாரங்களுக்கென்று ஒரு நிவாரணம் பட்டாசுத் தொழிலாளிக்கும் வேண்டும். முன்பணத்திலிருந்து விடுபட அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. உப்பளத்துக்காரர்கள் தங்கள் நிவாரணத்தை எப்படிக் கேட்டார்கள், யாரிடம் மனு கொடுத்தார்கள், எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அதனால் இந்த வருஷம் சீட்டுப் பணம் எடுக்கும்போது வேனைக் கிழக்கே திருப்பச் சொல்கிறேன். திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம், வைப்பாறு, விளாத்திகுளம் என்று வாருங்கள். அடுத்த வருஷம் கொல்லம் போகும்போது முந்திரித் தொழிற்சாலை வாசலில் வேலை விடும் நேரத்துக்கு நின்று அந்தப் பெண்களிடமும் பேசுங்கள். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். கூலி, போனஸ், ஆஸ்பத்திரி, லீவு எல்லாம் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே சொல்தான். வழியில் படிக்க ராஜம் கிருஷ்ணனின் இரண்டு நாவல்கள் தருகிறேன். 'கரிப்பு மணிகள்' உப்பளத்து மக்களைப் பற்றியது. 'கூட்டுக் குஞ்சுகள்' நம்மைப் பற்றியது. படிக்கத் தெரிந்த தங்கை ஒருத்தி சத்தமாக வாசித்தால் வேன் முழுக்கக் கேட்கும்.

நீங்கள் போகும் கார்த்திகை மாதத்தில் உப்பளப் பாத்திகளில் மழைத் தண்ணீர் நிற்கும். அவர்களுக்கும் வேலை இருக்காது. உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.

அன்புடன்,
திருத்தங்கல்லிலிருந்து,
உங்களோடு குச்சி அடுக்கி வளர்ந்த ஒருத்தி